நாலு கோடு இருந்தும் நெட் ஏன் நகரவில்லை?

முதுகலையில் வயர்லெஸ் நெட்வொர்க் எடுத்துப் படித்தேன் என்று சொன்னால், பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும். "ரவுட்டர் மாட்டுறதுக்கா ரெண்டு வருஷம் படிச்சீங்க?" என்பது ஒன்று. "எங்க வீட்டுல நாலு கோடும் காட்டுது, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கே, ஏன்?" என்பது அடுத்தது.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. ரவுட்டரை நிறுவிப் பராமரிப்பது தனி வேலை. அதற்கென்று பயிற்சிகளும் சான்றிதழ்களும் இருக்கின்றன. முதுகலை வகுப்பில் ரவுட்டர் பெட்டியைத் தொடாமலேயே ஒரு பருவம் முழுக்கப் போய்விடலாம். இரண்டாவது கேள்விதான் பாடத்தின் வாசல். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் பாதிப் பாடத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே அதைத்தான் செய்யப் பார்க்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், அந்தக் கோடுகளை நாம் தண்ணீர்க் குழாயின் அழுத்தம் போல நினைத்துக்கொள்கிறோம். அழுத்தம் கூடினால் தண்ணீர் வேகமாக வரும், சிக்னல் கூடினால் நெட் வேகமாக வரும் என்று. ஆனால் குழாய் உங்கள் வீட்டுக்கு மட்டும் வருவது. காற்று எல்லோருக்கும் பொது.

## இருட்டறையில் முப்பது பேர்

ஒரு பெரிய அறை. விளக்கு இல்லை, யார் முகமும் தெரியவில்லை. நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் முப்பது பேர். எல்லோருக்கும் அவரிடம் ஏதோ சொல்ல வேண்டும், அவரிடமிருந்து ஏதோ கேட்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டுமே புரியாது. "இப்போ நீ பேசு" என்று முறை வைக்க ஆள் கிடையாது.

நடுவில் இருப்பவர்தான் உங்கள் ரவுட்டர். முப்பது பேரும் கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, கேமரா. அறைதான் 'சேனல்', அதாவது வானொலி அலைவரிசையில் வெட்டி எடுத்த ஒரு துண்டு. ஒவ்வொருவரும் ஒரு மூச்சில் சொல்லும் பேச்சு 'பேக்கெட்'. அனுப்ப வேண்டிய தகவலை இப்படிச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள். ஒரு துண்டு வழக்கமாக 1500 பைட்டைத் தாண்டாது.

இப்போது கோடுகளுக்கு வருவோம். நடுவில் இருப்பவரின் குரல் உங்களுக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன. உங்கள் குரல் அவருக்குக் கேட்கிறதா என்பதைக்கூடக் காட்டுவதில்லை. கைப்பேசி பொதுவாக ரவுட்டரைவிடக் குறைந்த சக்தியில்தான் அனுப்பும். ஆகவே அவர் பேசுவது உங்களுக்குக் கேட்டாலும் நீங்கள் பேசுவது அவருக்குச் சரியாகக் கேட்காமல் போகலாம். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் வாயைத் திறக்கக் காத்திருக்கிறார்கள் என்பதையும் கோடுகள் காட்டாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் இருந்தால், அந்த வீட்டாரும் இதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கடவுச்சொல் வேறு என்பதால் அறை வேறாகிவிடாது. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 2, 3 என்று சேனல் எண்கள் வரிசையாக இருந்தாலும், அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே இருப்பது 5 மெகாஹெர்ட்ஸ்தான். வைஃபையில் ஒருவர் பேசத் தேவைப்படும் அகலமோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். அதனால்தான் 1, 6, 11 என்று தள்ளித் தள்ளிப் போடச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு எண்ணை எடுத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் உள்ளே வரும்.

இதுவரை சொன்னது: கோடு என்பது கேட்கும் தெளிவு. வேகத்துக்கு அந்தத் தெளிவும் வேண்டும், பேச உங்கள் முறையும் வர வேண்டும். இனி, அந்த முறை எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

## ஹவாய்த் தீவுகளில் பிறந்த யோசனை

1971. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. ஒவாஹு தீவில் இருந்த மையக் கணினியை மற்றத் தீவுகளிலிருந்து பயன்படுத்த நார்மன் ஆப்ரம்சனும் அவர் குழுவினரும் வானொலியைக் கையில் எடுத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். எல்லா முனையங்களும் மையத்துக்கு அனுப்ப ஒரே அலைவரிசைதான். முறை வைத்துக் கொடுக்கவில்லை. விதி இவ்வளவுதான்: சொல்ல வேண்டியது இருந்தால் உடனே அனுப்பு. 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால், மோதிவிட்டது என்று எடுத்துக்கொள். ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு.

அந்த 'ஏதோ ஒரு நேரம்' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மோதிய இருவரும் சொல்லிவைத்தது போல ஒரே அளவு காத்திருந்தால் மறுபடியும் மோதுவார்கள். ஆளுக்கு ஆள் வேறு நேரம் வர வேண்டும் என்பதால் அதைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த முறையில் அலைவரிசையின் எத்தனை பங்கு உருப்படியாகப் பயன்படும்? அதிகபட்சம் 18.4 சதவீதம். மீதி எல்லாம் மோதலிலும் வெறுமையிலும் போய்விடும். ஏன் இவ்வளவு குறைவு? நீங்கள் அனுப்பத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொருவர் தொடங்கியிருந்தால், அவருடைய வால் உங்கள் தலையில் இடிக்கும். நீங்கள் முடிப்பதற்குள் வேறொருவர் தொடங்கினால், அவர் தலை உங்கள் வாலில் இடிக்கும். ஆக ஒரு பேக்கெட் பிழைக்க, இரண்டு பேக்கெட் நீள அமைதி வேண்டும். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று விதித்தால் அரைகுறை இடிகள் ஒழிந்துவிடும். தேவையான அமைதியும் பாதியாகிறது. பயன் சரியாக இரண்டு மடங்கு, 36.8 சதவீதம். துண்டு போட்ட அலோஹா என்று இதற்குப் பெயர்.

முதுகலை வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் கணக்குப் போட்டு வருவிக்கச் சொல்வார்கள். ஒரு பக்கம்கூட ஆகாது. ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாத ஒரு கூட்டத்தின் நடத்தையை இத்தனை துல்லியமாகச் சொல்லிவிட முடியும் என்று அந்தப் பக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது. இந்தத் துறை மேல் பிடிப்பு வந்ததும் அப்போதுதான்.

## பேசும்போது காது அடைத்துவிடும்

1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃப், கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட்டை வடிவமைத்தபோது, ஆப்ரம்சனின் வேலை அவர் மனதில் இருந்தது. அவர் சேர்த்தவை இரண்டு. பேசும் முன் கேள். பேசிக்கொண்டிருக்கும்போதும் கேட்டுக்கொண்டே இரு, மோதியது தெரிந்தால் உடனே நிறுத்து. கேபிளில் இது அருமையாக வேலை செய்தது.

அதையே வைஃபையில் வைத்துக்கொள்ளலாமே என்றால், முடியாது. காரணம் ஒரு கணக்கு. வைஃபை கருவி வழக்கமாக 0.1 வாட் அளவில் அனுப்புகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேரும் அலை, நல்ல நிலையிலேயே, ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குதான் இருக்கும். ஆக, உங்கள் சொந்தக் குரல் மற்றவர் குரலைவிடப் பத்துக் கோடி மடங்கு பெரிது. உங்கள் வாயிலேயே ஒலிபெருக்கி கட்டியிருக்கும்போது அறைக் கோடியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்குமா? கேட்காது. எனவே மோதலைக் கண்டுபிடித்து நிறுத்தும் வழி அடைபடுகிறது. மோதாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் மிச்சம்.

ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 1997-ல் வெளியிட்ட 802.11 என்ற தரநிலைதான் வைஃபையின் அடித்தளம். அது சொல்லும் வழியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் எண்களோடு பார்க்கலாம். முதலில் கேள். 34 மைக்ரோ விநாடி (ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அமைதியாக இருக்கிறதா? சரி, உடனே குதித்துவிடாதே. 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடு. ஒன்பது மைக்ரோ விநாடிக்கு ஒன்று வீதம் அதைக் குறைத்துக்கொண்டே வா. நடுவில் யாராவது பேசத் தொடங்கினால் எண்ணுவதை அப்படியே நிறுத்திவை. அவர் முடித்து மறுபடி அமைதி வந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணு. பூஜ்யம் வந்தால் உன் முறை. இந்தக் காத்திருப்புக்குப் 'பின்வாங்கல்' என்று பெயர்.

அனுப்பிய பிறகு, மறுமுனை 'கிடைத்தது' என்று ஒரு குட்டிச் செய்தி அனுப்ப வேண்டும். அதுதான் 'ஒப்புகை'. ஒப்புகை வராவிட்டால் குலுக்கல் எல்லை 15-லிருந்து 31 ஆகும். அப்புறம் 63, 127 என்று ஏறி 1023 வரை போகும். கூட்டம் எவ்வளவு என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை. தோல்விகளை வைத்தே ஒவ்வொரு கருவியும் ஊகித்துக்கொண்டு கூடுதலாக விட்டுக்கொடுக்கிறது.

## அட்டைப் பெட்டியில் 54, கையில் 30

இந்த ஒழுங்குக்கு விலை உண்டு. பெட்டியில் 'விநாடிக்கு 54 மெகாபிட்' என்று போட்டிருந்த பழைய தலைமுறை வைஃபையை எடுத்துக்கொள்வோம், கணக்கு எளிது. ஒரு மெகாபிட் என்பது பத்து லட்சம் பிட். அறையில் நீங்கள் ஒருவர் மட்டும்தான். 1500 பைட், அதாவது 12,000 பிட் அனுப்ப வேண்டும்.

தொடக்க அமைதி 34 மைக்ரோ விநாடி. சராசரிப் பின்வாங்கல் சுமார் 67. 'இதோ வருகிறேன்' என்று மறுமுனையைத் தயார்படுத்தும் முன்னோட்ட அலை 20. தகவலும் அதனோடு போகும் முகவரி போன்ற தலைப்புகளும் 228. ஒரு சின்ன இடைவெளி 16. ஒப்புகை 28. கூட்டினால் ஏறக்குறைய 393 மைக்ரோ விநாடி. 12,000 பிட்டை 393-ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 30 மெகாபிட். போட்டிக்கு ஆளே இல்லாதபோதும் இதுதான் கிடைக்கும். 54 என்பது பொய் கிடையாது. வாய் திறந்திருக்கும் அந்தச் சில நூறு மைக்ரோ விநாடிகளில் மட்டும் உள்ள வேகம் அது. காத்திருப்பும் மரியாதையும் அதில் சேரவில்லை.

வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இந்த நிலை இன்னும் மோசமாகும். பேசும் நேரம் சுருங்கும், காத்திருக்கும் நேரம் அப்படியே நிற்கும். 2009-ல் வந்த 802.11என், பல பேக்கெட்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே முறையில் அனுப்ப வழி செய்தது இதற்காகத்தான்.

இதுவரை சொன்னது: வைஃபையில் எல்லோரும் கேட்டு, குலுக்கி, காத்திருந்து, பேசி, ஒப்புகை வாங்குகிறார்கள். பெட்டியில் போட்ட எண் பேசும் வேகம். கையில் கிடைப்பது காத்திருப்பு போக மிச்சம்.

## மெதுவாகப் பேசும் ஒருவர்

இந்தப் பாடத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம் இது. வீட்டில் பலருக்கும் நடப்பது, ஆனால் யாரும் காரணத்தை இங்கே தேடுவதில்லை.

தூரத்தில் இருக்கும் கருவிக்கு அலை பலவீனமாக வருவதால் அது வேகமாகப் பேச முடியாது. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிதானமாகச் சொல்லும். ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் கருவி விநாடிக்கு 54 மெகாபிட்டில் பேசுகிறது, கடைசி அறையில் இருப்பது 6-ல் பேசுகிறது என்று வைப்போம். அதே 12,000 பிட்டுக்கு முதலாவது எடுத்துக்கொள்வது 222 மைக்ரோ விநாடி, இரண்டாவது எடுத்துக்கொள்வது 2000.

முன்னே சொன்ன குலுக்கல் இருவருக்கும் சமமான வாய்ப்புகளைக் கொடுக்கிறது. ஆளுக்கு ஒரு பேக்கெட், மாறி மாறி. ஒரு சுற்றுக்கு 2222 மைக்ரோ விநாடி. காத்திருப்புச் செலவை விட்டுவிட்டால், ஆளுக்குக் கிடைப்பது விநாடிக்கு 5.4 மெகாபிட். ஆளுக்கு! பக்கத்தில் நாலு கோட்டோடு உட்கார்ந்திருப்பவரும் 54-லிருந்து 5.4-க்கு இறங்கிவிட்டார். அவருடைய கருவியிலும் கோளாறு இல்லை, ரவுட்டரிலும் கோளாறு இல்லை. 2003-ல் பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் அன்றைய 11 மெகாபிட் வைஃபையில் இதைக் கணக்காகவும் அளவீடாகவும் காட்டினார்கள்.

வாய்ப்பைச் சமமாகப் பங்கிடுவதற்குப் பதில் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால்? ஆளுக்குப் பாதி நேரம் கிடைத்தால் வேகமானவருக்கு 27, மெதுவானவருக்கு 3. மெதுவானவருக்கு 5.4 என்பது 3 ஆகிறது. எது நியாயம்? இதற்குச் சமன்பாடு மட்டும் பதில் சொல்லாது. முதுகலை வகுப்பில் இந்த ஒரு கேள்வி மேல் நீண்ட விவாதம் நடக்கும், நடக்கவும் வேண்டும். இன்றைய பல ரவுட்டர்களில் நேரப் பங்கீடு ஒரு வசதியாகவே வருகிறது. அது இல்லாத இடத்தில், எட்டாத மூலையில் கிடக்கும் பழைய கருவி ஒன்றைக் கேபிளுக்கு மாற்றினால் மற்ற எல்லோருக்கும் வேகம் கூடும்.

## சுவருக்கு அந்தப் பக்கம்

இன்னொரு சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேசும் முன் கேட்பது என்ற விதி, எல்லோருக்கும் எல்லோர் குரலும் கேட்கும் என்று நம்பியிருக்கிறது. ரவுட்டருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ரவுட்டருக்கு இருவரும் கேட்கிறார்கள், ஆனால் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டவில்லை. இருவருமே 'அமைதி' என்று நினைத்துப் பேசுவார்கள், ரவுட்டரில் மோதும். 'மறைந்த முனையம்' என்பது இதுதான். 1975-லேயே தொபாகி, க்ளைன்ராக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். தீர்வு: முதலில் "பேசலாமா?" என்று ஒரு சின்னக் கேள்வி, "பேசு" என்று ரவுட்டரின் பதில். அந்தப் பதில் இரண்டு பக்கமும் கேட்பதால் மற்றவர் வாயை மூடிக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டுப் பேசினால் நேரம் அதிலேயே போகும் என்பதால், தேவைப்படும்போது மட்டுமே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

## அப்போ சிக்னலுக்கு மதிப்பே இல்லையா?

உண்டு, ஓர் அளவு வரை. தகவல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த கிளாட் ஷானன் 1948-ல் கொடுத்த சூத்திரம் இங்கே உதவுகிறது. ஒரு சேனலின் உச்ச வேகம் இரண்டைப் பொறுத்தது: சேனலின் அகலம், பின்னணி இரைச்சலைவிடச் சிக்னல் எத்தனை மடங்கு பெரிது என்பது. அகலம் நேரடியாகப் பெருக்கிக் கொடுக்கும். சிக்னலோ மடக்கை வழியாகத்தான் உள்ளே வருகிறது. மடக்கை என்றால், பெருக்கிக்கொண்டே போனாலும் கூட்டல் அளவுக்குத்தான் பலன் தரும் கணக்கு.

20 மெகாஹெர்ட்ஸ் சேனல், சிக்னல் இரைச்சலைவிட 1000 மடங்கு என்று வைத்தால் உச்ச வரம்பு விநாடிக்கு சுமார் 199 மெகாபிட். சிக்னலை இரட்டிப்பாக்கினால் 219 ஆகும், பத்து சதவீதம்தான் கூடியது. சக்தியை அப்படியே வைத்து அகலத்தை 40 ஆக்கினால், இரைச்சலும் கூடவே இரட்டித்தாலும், 359 வரும். 'பெரிய ஆன்டெனா வாங்கினால் பறக்கும்' என்ற நம்பிக்கை பலருக்கு ஏமாற்றமாவது இதனால்தான். மங்கலாகக் கேட்கும் இடத்தில் சிக்னலைக் கூட்டுவது பெரிய உதவி. ஏற்கெனவே தெளிவாகக் கேட்கும் இடத்தில் பலன் சொற்பம். அகலத்தைக் கூட்டலாம்தான், ஆனால் அகலமான சேனல் என்றால் பக்கத்து வீடுகளில் இன்னும் பலர் நம் அறைக்குள் வந்துவிடுவார்கள்.

## மேல்தளம் தப்பாகப் புரிந்துகொள்ளும்போது

நெட்வொர்க்கை அடுக்குகளாகக் கட்டியிருக்கிறார்கள். கீழ் அடுக்கு பக்கத்துக் கருவி வரை கொண்டுபோகும். மேலே இருக்கும் டி.சி.பி. என்ற விதிமுறை, உலகின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே எல்லாப் பேக்கெட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும். இளங்கலையில் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே படிப்போம். ஓர் அடுக்கின் முடிவு இன்னோர் அடுக்கை எப்படிக் குழப்புகிறது என்பதுதான் முதுகலையில் வரும்.

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, விநாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் பேக்கெட் தொலைய, தொலைந்ததை எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் கூடிப்போனது. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் 1988-ல் வெளியிட்ட தீர்வின் சாரம்: பேக்கெட் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைச் சட்டென்று குறை.

கேபிளில் அது சரியான ஊகம். காற்றில் பேக்கெட் தொலைய நெரிசலே வேண்டாம். யாரோ குறுக்கே நடந்து போனாலும் தொலையும். டி.சி.பி.க்கு அது தெரியாது, 'நெரிசல்' என்று பயந்து வேகத்தைக் குறைத்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் வைஃபை, ஒப்புகை வராத பேக்கெட்டை மேலே சொல்லாமல் தானே பலமுறை மறுபடி அனுப்பிப் பார்க்கிறது. தொலைந்தது மறைக்கப்படுகிறது, ஆனால் தாமதமாக வெளிப்படுகிறது. வீடியோ அழைப்பில் ஒரு நொடி உறைந்து, அப்புறம் வார்த்தைகள் அவசரமாக ஓடி வருமே, பல சமயம் அது இந்த மறு முயற்சிகளின் விளைவுதான்.

## முறை வைக்க ஒருவர் வந்தால்

இவ்வளவு சிக்கலும், முறை வைத்துக் கொடுக்க அறையில் ஆள் இல்லாததால் வருவது. ஆள் வைத்துவிட்டால்? மொபைல் நெட்வொர்க்கில் அப்படித்தான். 4ஜி, 5ஜி கோபுரம்தான் எந்தக் கைப்பேசி எந்தத் துண்டு நேரத்தில், எந்த அலைவரிசைத் துண்டில் பேச வேண்டும் என்று முடிவு செய்கிறது. வைஃபையும் அந்தப் பக்கம் நகர்கிறது. 2021-ல் தரநிலையான வைஃபை 6-ல், ரவுட்டர் ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் சேனலைப் பிரித்து ஒரே நேரத்தில் ஒன்பது கருவிகள் வரை பேச வைக்க முடியும். ஒரே அறையில் ஒன்பது மெல்லிய தடுப்புகள் போட்டது போல.

ஆனால் கோபுரத்துக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போதுதான் ஆன் செய்த கைப்பேசி, 'நான் இருக்கிறேன், எனக்கும் முறை கொடு' என்று எப்படிச் சொல்லும்? அப்படி ஒன்று இருப்பதே கோபுரத்துக்குத் தெரியாது. தெரியாதவருக்கு முறை ஒதுக்க முடியாது. ஆகவே, புதிதாக வருபவர்களுக்கென்று 4ஜி கோபுரம் சில நேரத் துண்டுகளை ஒதுக்கி வைக்கிறது. கைப்பேசி, கோபுரத்துக்குரிய 64 அழைப்பொலிகளில் ஒன்றைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, அந்தத் துண்டின் தொடக்கத்தில் அனுப்பும். இன்னொரு கைப்பேசியும் அதே நேரத்தில் அதே ஒலியை எடுத்திருந்தால் மோதும். சரியான பதில் வராது. ஏதோ ஒரு நேரம் காத்திருந்து, மறுபடி அனுப்பும். ஹவாய்த் தீவுகளில் பிறந்த யோசனையின் வழி வந்த துண்டு போட்ட அலோஹாதான் இது. உங்கள் கைப்பேசி கோபுரத்தோடு பேசும் முதல் பேச்சு இன்றும் அப்படித்தான் தொடங்குகிறது.